ஏரியில் கப்பலைத் தொலைத்தவர்

நாலு பேர் எதிரில் நிற்காவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. அந்த நாலு பேருக்கு வேலை இருக்கிறதா, இடுப்பில் பிள்ளை இருக்கிறதா, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. நிறுத்த வேண்டும், பேச வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். எதற்குத் தலைவர் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு காலத்தில் தொழிற்சங்கத்தில் தோட்டக் கமிட்டித் தலைவர், பிறகு கோயில் கமிட்டி, அதற்குப் பிறகு மரண உதவிச் சங்கம். பதவிகள் ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டன, தலைவர் என்பது மட்டும் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பேரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த மரியாதை அவருக்கு ஒரு கேடா?

நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் பாதையில் பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலைக்குள் கீழே நடந்தால் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள். நான் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விடிந்ததும் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்று பேச்சை ஆரம்பிப்பார் தலைவர். ஒரு பக்கம் பிள்ளை வீறிட்டு அழும், இன்னொரு பக்கம் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகும். ஆனாலும் அந்தப் பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரியவர் பேசும்போது நகரக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆள் நல்ல உயரம். கழுத்தில் மப்ளர், அதற்கு மேலே மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்ட போன். உயரம் போதாதென்று எப்போதும் ஒரு மேட்டில்தான் நிற்பார். லயத்துப் படிக்கட்டு, கோயில் திட்டு, எதுவும் இல்லாவிட்டால் ஒரு கல். சமதரையில் நின்று அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. "கவனிங்க" என்பார். கண்ணை மூடுவார். மூடிய கண் திறப்பதற்குள் நமக்குக் கால் மரத்துவிடும்.

கப்பல் கதை அந்தப் போனோடு வந்தது. மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய போன். யாரோ தமிழில் பேசிப் போட்ட வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். பெரிய பெரிய ஏரிகளில் காணாமல் போன கப்பல்கள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் ஏரிகள் இருக்கிறதாம், ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியாதாம், இரும்புக்கல் ஏற்றிக்கொண்டு போன கப்பல் ஆளோடு பேரோடு மறைந்துவிடுமாம். ஒரு செருப்புகூடக் கரை ஒதுங்காதாம். ஒரு நாள் அந்தக் கப்பலில் முப்பது பேர் இருப்பார்கள், மறுநாள் எழுபது பேராகிவிடுவார்கள். கேட்கும் கூட்டத்தைப் பொறுத்துச் செத்தவர்களின் எண்ணிக்கை கூடும்.

எங்கள் சனத்துக்கு ஏரி என்றால் நுவரெலியாவில் இருக்கும் கிரகரி வாவிதான். அதில் அன்னப் படகில் உட்கார்ந்து காலால் மிதிப்பார்கள். அதில் எப்படிக் கப்பல் காணாமல் போகும் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததால் இன்னும் கவனமாகக் கேட்டார்கள். அவருக்கு அதுதானே வேண்டும். இதில் வேடிக்கை, வசந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளை வாவி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது தலைவரும் வந்தார். எல்லோரும் படகில் ஏறினோம். அவர் ஏறவில்லை. கரையில் ஒரு சிமெந்துக் கட்டையில் ஏறி நின்று, கடலை விற்கிறவனுக்கும் அவனுடைய பெண்சாதிக்கும் கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் அப்பா செத்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் பெண்கள் முச்சந்தி வரைக்கும்தான் போவோம், அங்கே அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஆம்பிளைகள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போவார்கள். இரங்கல் பேச்செல்லாம் மயானத்தில்தான். இவர் முச்சந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். அதைத் தாண்டினால் கேட்கிற கூட்டம் பாதியாகிவிடுமே. பெட்டி நாலு பேர் தோளில் இருந்தது. நடுவழியில் இறக்கக் கூடாது, தூக்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஆயுசு முழுக்கத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மனுசன் எங்கப்பா. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனித வாழ்க்கை ஏரியில் போகும் கப்பலாம், எந்த நேரம் மறையும் என்று தெரியாதாம். அழுதுகொண்டிருந்த என் தங்கச்சி சரசு என் காதுக்குள் சொன்னாள், "அப்பாவுக்கு நீச்சகூடத் தெரியாதுக்கா, அவர எதுக்கு ஏரியில கொண்டுபோய் விடுறாரு?" அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்ற தகப்பனின் பிணத்துக்கு முன்னால் சிரிக்க வைத்த பாவத்தையும் அவர் கணக்கில்தான் எழுதுவேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தோட்டத்தில் எந்தச் சாவு வீடானாலும் முதலில் வருகிற ஆள் அவர்தான். கொட்டுகிற மழையிலும் வருவார், பந்தல் போட ஆள் பிடிப்பார், தேத்தண்ணிக்குச் சீனி வாங்கி வருவார். வந்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அவரிடம் கேள்வி கேட்ட ஒரே ஆள் சரசுதான். ஒரு நாள் பிள்ளைக்காம்பரா வாசலில், அடர்ந்த பனிமூட்டத்துக்குள் போய்த் திரும்பி வராத ஒரு கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சரசு தன் பிள்ளையை என் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"பனிமூட்டம்னு தெரிஞ்சிருந்தும் எதுக்கு தலைவரே கப்பல வெளிய எடுத்தான்?"

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. அதெல்லாம் ஒனக்கு வெளங்காது, பெரிய பெரிய விஞ்ஞானிகளே தலையப் பிச்சிக்கிறாங்க என்றார். பிறகு ஒரு நாள் நானே என் போனில் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். கடைசியில் எல்லாம் சொல்கிறார்கள். பனிமூட்டத்தோடு புயலும் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள், கப்பலின் தலைவன் கேட்கவில்லை, அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கிறான். இப்படிப் போன கப்பல்களில் சிலவற்றை ஏரியின் அடியில் கண்டுபிடித்துப் படம்கூட எடுத்திருக்கிறார்கள். நம்முடைய ஆள் வீடியோவைப் பாதியில் நிறுத்திவிடுவார். காரணம் தெரிந்துவிட்டால் கதைக்கு யார் நிற்பார்கள்?

அந்த வருசத்தை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோதுமை மா இல்லை, கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, இருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒரு மைலுக்கு வரிசை. எங்கள் மலையில் விளைந்த கேரட்டை நுவரெலியாச் சந்தையில் எங்களால் வாங்க முடியவில்லை. அப்போது தோட்டத்து மேனேஜர், எங்கள் துரை, ஒரு நல்ல காரியம் செய்தார். மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் கீழே பள்ளத்தில், தேயிலை செத்து மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை எங்கள் லயத்துச் சனத்துக்கு மரக்கறி போடச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு பங்கு. என்ன போடலாம், எப்போது போடலாம் என்பது எங்கள் இஷ்டம். அந்த மலையில் எங்கள் இஷ்டத்துக்கு மண் விடப்பட்டது அதுதான் முதல் தடவை.

சரசுவுக்கு அது வெறும் மரக்கறித் தோட்டம் இல்லை. அவள் புருசன் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். கைப்பிள்ளையோடு அவள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து, மெடிக்கல் முடித்து, ஏஜென்சிக்காரன் கூப்பிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று இருந்தாள். எங்கள் வீட்டுப் பங்கை நான் அவளுக்கே விட்டுவிட்டேன், அது கிடைத்ததும் மனசு மாறிவிட்டாள். ஒரு போகம் உருளைக்கிழங்கு எடுத்துவிட்டால் அதையே விதையாக்கி அடுத்த போகம், அதிலிருந்து அதற்கடுத்தது என்று இரவெல்லாம் என்னிடம் பேசினாள். கிழங்கு தோண்டுகிற வரைக்கும் பொறுக்கச் சொல்லி ஏஜென்சிக்காரனிடம் தவணை கேட்டாள். "பிள்ளைய விட்டுட்டுப் போக மாட்டேன்க்கா. இந்த மண்ணு என்னயக் கைவிடாது" என்றாள். பால் மறந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளை அது. ராத்திரியில் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும்.

செத்த தேயிலையின் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வேர் பாறைக்குள் போயிருக்கும். சரசுவின் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்து, மறுபடி கொப்புளித்தது. தலைவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதில் அவர் மருமகன் வந்து வெட்டினான். அவர் நிலத்தின் தலைமாட்டில் இருந்த பாறையில் ஏறி நின்று எங்களுக்கு யோசனை சொன்னார். இப்போது போனில் தோட்டம் போடும் வீடியோ பார்க்க ஆரம்பித்திருந்தார். சென்னையில் மொட்டைமாடியில் கத்தரிக்காய் வளர்க்கிற ஒருத்தருடைய வீடியோ. வெயில் சுடும், பாத்திக்கு மேலே நிழல் வலை கட்ட வேண்டும் என்றார். சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டு, வாயில் புகை வர நின்றுகொண்டு அதைக் கேட்டோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

எல்லோரும் உருளைக்கிழங்கும் போஞ்சியும் நட்டோம், ஓரத்தில் கொஞ்சம் லீக்ஸ். பயிர் தலைகாட்டியதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரவர் வந்து, அவரவர் பாத்தியில் இறங்கி, அவரவர் பாட்டுக்குப் போய்விட்டால் அவர் எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுச் சட்டம் போட்டார். இனிமேல் தோட்டத்துக்கும் பெரட்டு உண்டு. விடிந்ததும் பாறைக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும், அவர் பேர் கூப்பிடுவார், இன்றைக்கு இன்ன வேலை என்று சொல்வார், அப்புறம்தான் இறங்க வேண்டும். அதை முடித்துக்கொண்டு கம்பனிப் பெரட்டுக்கு ஓடலாம்.

ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்புவதற்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பெரட்டு என்றுதான் பேர். அதில் நின்று நின்று எங்கள் பாட்டன் பூட்டன் கால் வீங்கிச் செத்தான். துரைக்குப் பெரட்டு வேண்டும், சரி. எங்கள் கிழங்குக்கு எதற்குப் பெரட்டு? கேட்க ஒரு நாதி இல்லை. மறுநாள் விடியற்காலையில் போய் வரிசையாக நின்றோம். பேர் கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்றோம். யாரும் எங்களை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சொந்தப் பாத்தியில் இறங்க இன்னொருவன் உத்தரவுக்குக் காத்து நின்ற சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். அவர் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பில் பாதியை அந்த வரிசைக்கும் பங்கு வைக்கத்தான் வேண்டும்.

தை பிறந்த பிறகு ஒரு வாரம் வானத்தில் ஒரு மேகம் இல்லை. நுவரெலியாப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதன் பயம் தெரியும். அப்படிப்பட்ட இரவில்தான் பள்ளத்தில் பனி உறையும். இலையில் வெள்ளையாக உறைந்து கிடப்பதால் மட்டும் பயிர் போய்விடாது. அதன்மேல் வெயில் பட்டால்தான் கருகும். அதனால் சூரியன் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று விடியும் முன்பே சரசு கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு வீடாகத் தட்டினாள். எல்லோரும் வாளியோடு ஓடினோம். பள்ளம் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது. பூ விட்டிருந்த கிழங்குச் செடிகள் எல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி இருந்தன. பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாளி கையில் இருந்தது. பாறை மேல் தலைவர் நின்றார்.

யாரும் இறங்க வேண்டாம் என்றார். கண்டபடி இறங்கி மிதித்தால் பயிர் நாசமாகிவிடும், ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு இறங்கலாம், முதலில் பெரட்டு என்றார். நாங்கள் நின்றோம். பேர் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்றோம். அத்தனை பேரும் வாளியோடு எதிரில் நின்றது அவருக்குப் போதை ஏற்றிவிட்டது. அப்படி ஒரு கூட்டம் அவருக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. "கவனிங்க" என்று கண்ணை மூடினார். ஆபத்தில் பதறக் கூடாது என்பதற்கு, உறைந்துபோன ஓர் ஏரியில் பதறியதால் மூழ்கின கப்பலின் கதையை ஆரம்பித்தார்.

எதிர் மலை உச்சியில் வெயில் விழுந்தது. அது இறங்குவதை எல்லோரும் பார்த்தோம். சரசு சொன்னாள், "வெயில் எறங்குது தலைவரே." தெரியும், ரெண்டே நிமிசம் என்றார். வெயில் எங்கள் மலைக்குத் தாண்டியது, மேல் தேயிலைக்கு வந்தது. நான் காலை மாற்றி மாற்றி நின்றேன். பக்கத்தில் நின்றவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். கப்பல் இன்னும் மூழ்கவில்லை.

சரசு வரிசையை விட்டு ஓடினாள். பீலியில் வாளியைப் பிடித்து, பள்ளத்தின் அடியில் இருந்த தன் பங்குக்கு ஓடி ஊற்றினாள், மறுபடி மேலே ஓடிவந்து பிடித்தாள். "பெரட்ட ஒடைக்காத" என்று கத்தினார் தலைவர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மூன்றாவது வாளிக்கு வரும்போதுதான் எனக்குக் கால் வந்தது. என் பின்னால் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். ஒரே பீலி, அத்தனை வாளி. எங்கள் முதல் வாளி நிரம்பும்போது பள்ளத்தில் வெயில் விழுந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் செடியெல்லாம் கறுத்துத் தொங்கியது. அவித்த கீரை நாற்றம் லயம் வரைக்கும் வந்தது. லீக்ஸ் தப்பியது, போஞ்சியும் கிழங்கும் போய்விட்டன. சரசுவின் பங்கில் அவள் தண்ணீர் ஊற்றிய இரண்டு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. மற்றவர்கள் அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தார்கள். எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த இரண்டு வரிசை சொன்னது. அதைத் தோண்டினபோது எங்கள் வீட்டுக்கு இரண்டு வேளை கறிக்குக் கிழங்கு கிடைத்தது. விதைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

துரை வந்து பார்த்தபோது தலைவர் பாறையிலிருந்து இறங்கி வந்து விளக்கம் சொன்னார். இப்படி ஒரு பனி சரித்திரத்திலேயே இல்லை, இது வேற என்னமோ என்றார். துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார். நிலத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால் திரும்ப இறங்க யாருக்கும் மனசு வரவில்லை, விதைக்கிழங்கு வாங்க வக்கும் இல்லை. மானாப்புல் பழையபடி ஏறிவிட்டது.

அடுத்த மாதமே சரசு கிளம்பினாள். பிள்ளை தூங்கும்போது போனாள். சேலைத் தலைப்பை அதன் கையிலிருந்து எடுக்க முடியாமல், சேலையையே அவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு போனாள். அன்று காலையில் தலைவர் வழியனுப்ப வந்தார். ஆட்கள் கூடினார்கள். நான் அவர் முகத்தில் கதவைச் சாத்தினேன்.

பிறகு மகளோடு இருக்கக் கொழும்புக்குப் போய்விட்டார். போன மாதம் நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஏதோ கல்யாணத்துக்கு வந்தாராம். மப்ளர் மாறவில்லை. நடைபாதையின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டார். நல்லா இருக்கீங்களா, சரசு எப்படி, குவைத்தில்தானா என்று விசாரித்தார். இருக்கிறாள், இன்னொரு ஒப்பந்தம் போட்டிருக்கிறாள், பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம் என்று சொன்னேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து அவள் தலையில் கை வைத்தார்.

"ஒங்க அம்மா எப்ப வர்றாங்களாம்?"

பிள்ளை அவரைப் பார்த்தாள், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா இங்கதான நிக்கிறாங்க" என்றாள். போனில் வருகிறவளை அவள் சித்தி என்கிறாள். எவ்வளவோ சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். சரசுவும் இப்போது திருத்துவதில்லை.

தலைவர் நிமிர்ந்தார். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "எல்லாம் காலம் செஞ்ச கோலம். கவனிங்க" என்று கண்ணை மூடினார்.

"காலம் ஒண்ணும் செய்யலீங்க" என்றேன். "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நாங்க வாளியோட நின்னுக்கிட்டு இருந்தோம்."

அவர் கண்ணைத் திறப்பதற்குள் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். அந்த இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.